உருக்குலைந்த வண்டிக்கு உரிய விலை

விபத்துக்குள்ளான மோட்டார் வண்டிகளைப் பரிசோதித்து, அவற்றுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கவேண்டிய நஷ்ட ஈடு இவ்வளவு என்று மதிப்பிட்டு எழுதும் சர்வேயர் உத்தியோகத்தில், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டே, வடக்கே பெரம்பலூர் முதல் தெற்கே மணப்பாறை வரையிலும், கிழக்கே தஞ்சாவூர் எல்லை வரையிலும் அலைந்து என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். சர்வேயருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. ஆனால் அவருக்கு லைசென்ஸ் கொடுத்து, இரு தரப்புக்கும் பொதுவாக நின்று மதிப்பிட வேண்டுமென்று கட்டளையிட்டிருப்பது 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நடுநிலை பிசகாமல் நிற்பது எவ்வளவு சிரமமானது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்களே அறிவார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வண்டியை இழந்து திகைத்து நிற்கும் சொந்தக்காரர்கள் உத்திர வீதியிலுள்ள என் வீட்டுக்குக் காகிதக் கட்டுகளுடன் வர ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்த அனுபவத்தில் நான் கண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: வண்டி முழுதும் நாசமான பிறகு நடக்கும் பேரத்தின் முடிவு, பாதிக்குமேல் பாலிஸி எழுதிய தினத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது, மிச்சமிருப்பதும் குரலை உயர்த்துகிறவருக்கு அல்ல, பாலிஸியில் எழுதியிருப்பதை நிதானமாக எடுத்துக் காட்டிக் காகிதத்தில் கேட்கிறவருக்கே சித்திக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். 1973-ஆம் வருஷம் ஜனவரி முதல் பொது இன்ஷூரன்ஸ் தேசிய மயமாகி நான்கு கம்பெனிகளாக அமைந்த காலத்திலும், அதற்குப் பிறகு வெகுகாலம் வரையிலும், வண்டிச் சொந்தக்காரர் தம் வண்டிக்கு ஒரு மதிப்பைத் தாமே உத்தேசமாகச் சொல்வார். அந்த மதிப்புக்குப் பிரீமியம் வசூலாகும். வண்டி நாசமானாலோ, அந்த மதிப்பு அல்லது விபத்து நடந்த தினத்தின் சந்தை விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதையே கம்பெனி கொடுக்கும். சந்தை விலை எது என்று நிச்சயமாகச் சொல்ல யாரால் முடியும்? சொந்தக்காரர் ஒரு புரோக்கரிடம் கடிதம் வாங்கி வருவார், கம்பெனி இன்னொரு புரோக்கரிடம் வாங்கி வைக்கும். இடையில் எங்கள் பாடு திண்டாட்டம். இப்படிப்பட்ட வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. மூன்றரை லட்சத்துக்கு மேல் மதிப்பிட்டுப் பிரீமியம் வாங்கிக்கொண்ட கம்பெனி, சில மாதங்களில் வண்டி நாசமானதும் 1,80,000 ரூபாய்தான் தருவேன் என்றது. பாலிஸியைப் புதுப்பிக்கும்போது தானே ஒப்புக்கொண்ட மதிப்பைக் கம்பெனி பிறகு மறுக்க முடியாது என்று 2008-ஆம் வருஷம் தர்மேந்திர கோயல் வழக்கில் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

2002-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமலுக்கு வந்த புதிய மோட்டார் கட்டண விதிகள் இந்தச் சச்சரவுக்கு ஒரு முடிவு கட்டின. அப்போது வந்ததுதான் ஐ.டி.வி. என்று எல்லாரும் சொல்கிற, பாலிஸியின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் அறிவித்த மதிப்பு. வண்டியின் அதே மாடலுக்கு அதைத் தயாரித்தவர்கள் அறிவித்திருக்கும் இன்றைய விலையிலிருந்து, ஆறு மாதம் தாண்டாத வண்டியென்றால் நூற்றுக்கு 5, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டாவது வருஷத்தில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50 என்று தேய்மானம் கழித்து வருவதே அந்தத் தொகை. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி நிர்ணயித்துக்கொள்ள வேண்டியது. இதைவிட முக்கியமானது அதற்கடுத்து எழுதியிருக்கும் வாசகம். வண்டி முழுதும் நாசமானதாகக் கருதப்படும் சமயத்தில், அந்த ஐ.டி.வி.யே பாலிஸி காலம் முழுவதற்கும் சந்தை விலையாகக் கொள்ளப்படும், அதன்மேல் மறுபடி தேய்மானம் கழிக்கக்கூடாது என்பது அதன் சாரம். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் வண்டி நாசமானதாகவே கொள்ளவேண்டும் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. ‘டோட்டல் லாஸ்’ பற்றிய தகராறுகளில் பெரும்பான்மையும் இந்த இரண்டு வாக்கியங்களைப் படிக்காததால் வருகிறவை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பாலிஸியைப் புதுப்பிக்கும் தினத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஏஜெண்டு டெலிபோனில், ‘சார், போன வருஷத்தைவிடக் குறைச்சலாகப் போட்டுத் தருகிறேன்’ என்பார். சொந்தக்காரரும் சந்தோஷமாகச் சரி என்பார். மூன்றாம் நபருக்கான பிரீமியம் சர்க்கார் நிர்ணயித்தது, அதில் ஏஜெண்டு கை வைக்க முடியாது. ஆகவே குறைத்தது எங்கே என்று பார்த்தால், பல சமயங்களில் ஐ.டி.வி.யில்தான் குறைத்திருப்பார். காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், இப்படி ஐந்து லட்சத்துக்கு இருக்கவேண்டிய மதிப்பு நாலு லட்சத்துக்கு எழுதப்பட்டதைக் கவனிக்காமலே பணம் கட்டியிருந்தார். மிச்சப்பட்ட பிரீமியம் ஆயிரமோ இரண்டாயிரமோ. வண்டி துவாக்குடிக்கு அருகில் லாரியில் மோதி நாசமானபோது அவர் இழந்தது ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தை எந்தச் சர்வேயராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. கண்ணீர் விடாத குறையாக அவர் என்னிடம் கேட்டார். பாலிஸியில் அவரே ஒப்புக்கொண்ட தொகையை நான் எந்தச் சட்டத்தைக் காட்டி மாற்றுவேன்?

சரியாக எழுதியிருந்த ஒரு பாலிஸியின் கதையையும் சொல்லவேண்டும். பேரம் என்பது எப்படி நடக்கிறது என்பது அதில் முழுதும் தெரியும். திருவானைக்கோவிலில் வசிக்கும் ஒரு வாத்தியார், சென்னையிலிருந்து விடியற்காலத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். பாடாலூருக்குப் பக்கத்தில் பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் வண்டி புகுந்துவிட்டது. ஏர்பேக் வெடித்து உயிரைக் காப்பாற்றிற்று. வண்டி வாங்கி மூன்று வருஷம் கழிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது. அந்த மாடலின் விலை ஆறு லட்சம். ஆகவே பாலிஸியில் ஐ.டி.வி. 3,60,000 ரூபாய். அதில் நூற்றுக்கு 75 என்றால் 2,70,000. அந்தத் தொகையே எல்லைக் கோடு.

ஒர்க்ஷாப்பில் முதல் தினம் கொடுத்த எஸ்டிமேட் 2,90,000. கோட்டைத் தாண்டிவிட்டதே என்று வாத்தியார் நினைத்தார். அப்படியல்ல. எஸ்டிமேட் தொகை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு நூற்றுக்கு 50, அந்த வயதுடைய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 25 என்று தேய்மானம் கழித்து, கண்ணாடிக்கு மட்டும் கழிக்காமல், கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு என்று சர்வேயர் கணக்கிடுவார். அப்படிக் கழித்ததில் தொகை இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிற்று. கம்பெனியும் ‘ரிப்பேர் செய்துகொள்ளலாம்’ என்று கடிதம் எழுதிற்று. கழித்த எண்பத்தைந்தாயிரத்தை வாத்தியார் தம் கையிலிருந்து போட்டாகவேண்டும். போட்டாலும் வருவது முறுக்கி நிமிர்த்திய வண்டி. இந்தக் கட்டத்தில்தான் அவர் என்னிடம் வந்தார்.

“சார், சர்வேயர்மேல் புகார் எழுதிவிடட்டுமா?” என்றார்.

“வேண்டாம், தம்பி. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார். தெரியாதது உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

அரியமங்கலத்துப் பக்கம் இருந்த அந்த ஒர்க்ஷாப்புக்கு அவருடன் போனேன். முன்புறம் சப்பிப்போயிருப்பதை யாரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்த்தது கூரையை. நடுத்தூணுக்கு மேலே, பெயிண்டின் பளபளப்பில் மட்டும் தெரியும்படி, அலைபோன்ற ஒரு நெளிவு இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினால், பூட்டு வாயில் உட்காராமல் கீழே இடித்தது. மிதியடியைத் தூக்கிப் பார்த்ததில், பெடல்களுக்குக் கீழே தரைத் தகடு மடிந்து, மடிப்பின் ஓரத்தில் பெயிண்டு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மோதலின் வேகம் முன்புறத்தோடு நின்றுவிடாமல் வண்டியின் கூட்டுக்குள்ளே பாய்ந்திருக்கிறது என்பதற்கு இம்மூன்றும் சாட்சி. பிறகு மேஸ்திரியிடம் டேப் வாங்கி, எஞ்சின் அறையின் இடப்பக்கத்து ஷாக் அப்சர்பர் போல்ட்டிலிருந்து வலப்பக்கத்துச் சேசிஸ் லெக்கின் முனைக்கும், வலத்திலிருந்து இடத்துக்குமாகக் குறுக்கே அளந்தோம். நல்ல வண்டியில் இவ்விரண்டு அளவும் சமமாக இருக்கவேண்டும். இங்கே இரண்டு விரற்கடை வித்தியாசம். இந்த அளவு வித்தியாசத்தை வெறும் டிங்கர் வேலையால் சரிசெய்ய முடியாது; லெக், ஏப்ரன் எல்லாவற்றையும் வெட்டி மாற்றவேண்டும்.

அன்றே சர்வேயருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதச் செய்தேன். வண்டியைக் கழற்றாமல் எழுதிய எஸ்டிமேட்டில் உட்புறச் சேதம் சேர்ந்திருக்க முடியாது. ஆகையால் தங்கள் முன்னிலையில் கழற்றச் செய்து, அதன்பின் கிடைக்கும் சப்ளிமெண்டரி எஸ்டிமேட்டையும் சேர்த்துப் பரிசீலிக்கவேண்டும். சர்வே ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றும் தரவேண்டும் என்பதே கடிதம். சர்வேயர் சிறு வயதுக்காரர், நேர்மையானவர். வந்தார், எஞ்சினை இறக்கினார்கள், இரண்டு லெக்கும் கோணி, ஸ்டியரிங் பகுதி விலகி, கியர் பாக்ஸின் கூடு விரிந்திருந்தது. புதிய எஸ்டிமேட் நாலு லட்சத்தைத் தாண்டிற்று. தேய்மானம் கழித்த பிறகும் 2,81,000 நின்றது. எல்லைக் கோட்டுக்கு மேலே பதினோராயிரம். நாசமான வண்டி என்று ரிப்போர்ட் எழுதப்பட்டது. சர்வேயரை விரோதியாகப் பாவிக்கிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். அவர் ரிப்போர்ட்டே கடைசி வார்த்தையல்ல என்று 2009-ஆம் வருஷம் பிரதீப் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அந்த ரிப்போர்ட் தவறு என்று நிரூபிப்பதைவிட, அது சரியாக எழுதப்படும்படி பார்த்துக்கொள்வது ஆயிரம் மடங்கு சுலபம்.

அதோடு தீரவில்லை. தொழிலில் பழகாதவர்கள் ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஐ.டி.வி. 3,60,000, கட்டாயக் கழிவு ஆயிரம் போக 3,59,000. இதை அப்படியே கொடுத்து, உடைந்த வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம்; அல்லது உடைந்த வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்து, வண்டியைச் சொந்தக்காரரிடமே விட்டுவிடலாம். கம்பெனி இரண்டாவதைச் சொல்லிற்று. கம்ப்யூட்டர் ஏலத்தில் எங்கோ தூர தேசத்து வியாபாரி ஒருவர் அந்த வண்டிக்கு 1,40,000 ரூபாய் கேட்டிருக்கிறார், ஆகவே அதைக் கழித்து 2,19,000 தருகிறோம் என்றது. உள்ளூர் வியாபாரியைக் கேட்டால் எண்பதாயிரத்துக்குமேல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார். வாத்தியாருக்கு நஷ்டம் அறுபதாயிரம்.

இதற்கு வாதமே வேண்டியதில்லை; ஒரு கேள்வி போதும். வாத்தியாரை எழுதச் சொன்னேன்: தாங்கள் சொல்லும் வியாபாரி 1,40,000 ரூபாயைச் செலுத்தி, வண்டியை இருக்கும் ஸ்தலத்திலேயே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை; அவர் வராத பட்சத்தில், வண்டியைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டு 3,59,000 ரூபாயையும் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏலத்தில் கேட்ட விலை மெய்யானால் அந்த விலைக்கு ஆள் வரவேண்டும். ஆள் வராத விலையைச் சொந்தக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அந்த வியாபாரி வரவில்லை. இரண்டாவதாகக் கேட்டவரும் வந்து பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். கடைசியில் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு ஒருவர் பணத்தைக் கட்டி வண்டியை ஏற்றிப்போனார்; மிச்சம் 2,64,000 ரூபாயைக் கம்பெனி கொடுத்தது. பாங்கியில் கடன் பாக்கி இருந்தபடியால் முதலில் அது அங்கே போய்த் தீர்ந்து, மீதி வாத்தியார் கைக்கு வந்தது. இதை நான் வெற்றி என்று சொல்லமாட்டேன்; அவருக்கு உரியது அவருக்கு வந்தது.

உடைந்த வண்டியை விற்கும் விஷயத்தில் ஓர் அபாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. எண்பதாயிரம் கேட்ட உள்ளூர் வியாபாரி வாத்தியாரிடம், “அய்யா, ஆர்.சி. புக்கோட குடுத்தா ஒரு ரேட்டு, இல்லாட்டி வெறும் இரும்பு ரேட்டு” என்றார். இரும்பாகிவிட்ட வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் எதற்கு? நேர்மையான வியாபாரி, சரிசெய்து ஓட்டவோ விற்கவோ அதைக் கேட்கலாம். ஆனால் எங்கோ திருடிய அதே மாடல் வண்டியில் இந்த வண்டியின் சேசிஸ் நம்பரைப் பொறித்து, இந்த ஆர்.சி.யைக் காட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மீரட் நகரத்தில் சோத்திகஞ்ச் என்ற பழைய வண்டிச் சந்தை திருட்டு வண்டிகளைப் பிரிக்கும் இடமென்று தேசம் முழுதும் பெயரெடுத்து, 2021 டிசம்பரில் போலீஸாரால் மூடப்பட்டது. அப்படி நம்பர் மாற்றி விற்ற வண்டி பிடிபட்டால் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுவது, ஆர்.சி.யில் பெயர் இருக்கும் சாது மனிதரின் வீட்டில்தான். இனி ஓடாத வண்டியென்றால், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, 14 தினத்துக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்துச் செய்யவேண்டும், ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு டி.என். 48 என்று நம்பர் கொடுக்கும் நம் ஆபீஸே அதற்குரிய இடம். சரிசெய்து ஓட்டப்போகிறவருக்கு விற்றால், பெயர் மாறிய பிறகே முழுப் பொறுப்பும் தீர்ந்ததாக எண்ணவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். 2005 நவம்பரில் கோரையாறு உடைப்பெடுத்துத் திருச்சியின் மேற்குப் பகுதிகள் நீரில் கிடந்தபோது, நாங்கள் ராப்பகலாக வேலை செய்தோம். தண்ணீர் வடிந்து, சீட்டைத் துடைத்து, வாசனை தெளித்து வைத்திருந்தாலும், சீட்டு பெல்ட்டை அதன் உருளையிலிருந்து கடைசி வரை இழுத்துப் பார்த்தால், தண்ணீர் ஏறிய மட்டத்தில் ஒரு காவிக்கோடு படிந்திருக்கும். அதை எந்தத் துடைப்பும் அழிக்காது. அப்போது நான் கண்ட துக்கமான விஷயம், தண்ணீர் புகுந்ததால் கெட்ட வண்டிகளைவிட, தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருப்பிப் பார்த்ததால் கெட்ட வண்டிகள் அதிகம் என்பது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சொல்லிக் கம்பெனி எஞ்சினைக் கழித்துவிடும். வண்டி மூழ்கினால் தொடாமல், போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

நியாயமான கிளெய்ம் ஒரேயடியாக நிராகரிக்கப்படும் காரணங்களில் நான் அடிக்கடி கண்டது, பழைய வண்டி வாங்கியவர் ஆர்.சி.யில் பெயரை மாற்றிவிட்டுப் பாலிஸியில் மாற்றாமல் விடுவது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே புதியவருக்கு வந்துவிடும். சொந்த வண்டிக்கான பாதுகாப்பு வராது. 14 தினத்துக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ளவேண்டும். மாற்றாதவருக்கு உதவ முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டே 1996-இல் சொல்லிவிட்டது. தகவல் கொடுக்கத் தாமதமாயிற்று என்று நிராகரிப்பது வேறு விஷயம். தாமதத்துக்குத் தக்க காரணமிருந்தால் அதை மட்டுமே சாக்காகக் காட்டி நிஜமான கிளெய்மைத் தள்ளக்கூடாதென்று இன்ஷூரன்ஸ் கண்காணிப்பு ஆணையம் 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டே பதில் எழுதலாம்.

கம்பெனி தரும் தொகை போதாதென்று தோன்றினால், ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் அவசரமாகக் கையெழுத்துப் போடவேண்டாம். நிர்ப்பந்தத்தினாலோ மோசடியினாலோ வாங்கிய கையெழுத்து பிற்பாடு வழக்குக்குத் தடையாகாது என்று 1999-இல் ஒரு தீர்ப்பு உண்டு. ஆனால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். தொகை ஏன் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள், சென்னை தேனாம்பேட்டையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கட்டணமில்லை, வக்கீலுக்கு இடமில்லை. ஐம்பது லட்சம் ரூபாய் வரை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது.

இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டியின் பாலிஸியை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். உங்கள் பெயரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா, ஐ.டி.வி. உங்கள் வண்டியின் வயதுக்கு உரிய தொகைதானா என்று பாருங்கள். பிசகு இருந்தால் ஏஜெண்டுக்கு டெலிபோன் செய்வதோடு விடாமல் கம்பெனிக்கே எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு ஒரு கடிதம் போதும். விபத்து நடந்த பிறகு எவராலும் அதைத் திருத்தித் தர முடியாது.